காபி வறுக்கும் இயந்திரத்தில் சென்சார் மாற்றுவது: பழைய எண்ணும் புதிய எண்ணும்

அம்பாசமுத்திரத்தில் ஐந்து கிலோ டிரம் வைத்துக் காபிக்கொட்டை வறுத்து, அரைத்து விற்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. இரண்டு மாதமாகக் கொட்டையின் வெப்பத்தைக் காட்டும் மீட்டர் நடு வறுவலில் 40 டிகிரி தாவுகிறது. சில நேரம் ‘ஓப்பன்’ என்று காட்டிப் பர்னரையே அணைத்துவிடுகிறது. சென்சாரை மாற்றச் சொல்கிறார் எலக்ட்ரீஷியன். ஆனால் தென்காசியில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்சாரை மாற்றிய பிறகு, பழகிய அதே 218 டிகிரியில் இறக்கியும் காபி கரிந்த வாடை அடித்ததாம். எந்தச் சென்சார் வாங்குவது, தாமே மாற்றிக்கொள்ளலாமா, நண்பருக்கு நேர்ந்தது தமக்கும் நேராமல் இருக்க என்ன செய்வது என்று கேட்கிறார்.

தாமே மாற்றிக்கொள்ளலாம். இரண்டு ஸ்பானர், ஒரு மல்டிமீட்டர், ஒரு காந்தத் துண்டு, அரை நாள் பொறுமை போதும். கழற்றி மாட்டும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மாற்றிய பிறகு நோட்டில் எழுதி வைத்திருக்கும் 196, 210, 218 போன்ற எண்கள் அதே பொருளைத் தருகின்றனவா என்று பார்ப்பதற்குத்தான் மீதி நேரமெல்லாம் போகும். ஆலைகளில் கருவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள சில வறுவல் கடைகளுக்குப் போய்வருகிறேன். அங்கே நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை புதுச் சென்சாரைச் சரியாகப் பூட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைத்ததால் வந்தவை.

சென்சார் கொட்டையின் வெப்பத்தைக் காட்டுவதில்லை, தன் நுனியின் வெப்பத்தைத்தான் காட்டுகிறது. இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை என்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். 180 டிகிரி காட்டும் டிரம்மில் பச்சைக் கொட்டையைக் கொட்டியதும் மீட்டர் மளமளவென்று இறங்கி, ஒன்றரை நிமிடத்தில் 90-ஐ ஒட்டி வந்து, சற்று நின்று, பிறகு ஏறத் தொடங்குகிறது அல்லவா? சாக்கிலிருந்து எடுத்த கொட்டை 30 டிகிரியில் உள்ளே போனது. போன கணத்திலிருந்து அதன் சூடு ஏறிக்கொண்டேதான் இருந்தது, ஒரு நொடிகூட இறங்கவில்லை. இறங்கியது சென்சார் குழாயின் சூடு மட்டுமே. சூடாக இருந்த குழாய் குளிர்ந்த கொட்டைக்குள் அமிழ்ந்து, கொட்டை ஏறும்போது எதிரே இறங்கி, இரண்டும் சந்தித்த இடத்தைத்தான் ‘திரும்பும் புள்ளி’ என்று குறித்து வைக்கிறோம். ஆகவே அந்த 90 என்ற எண் கொட்டையைப் பற்றிச் சொல்வதைவிடக் குழாயின் பருமனைப் பற்றியும், அது உள்ளே எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைப் பற்றியுமே அதிகம் சொல்கிறது.

இதனால் சென்சாரின் பருமன் மாறினால் எண்களும் மாறும். 6 மி.மீ. குழாய் தடித்தது; சூட்டை மெதுவாக வாங்கும். 3 மி.மீ. குழாய் விரைவாக வாங்கும். வறுவலின் கடைசிப் பகுதியில் கொட்டை நிமிடத்துக்கு 10 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்சார் 30 வினாடி பின்தங்கினால் மீட்டர் 5 டிகிரி குறைவாகக் காட்டும். 12 வினாடி மட்டும் பின்தங்கினால் 2 டிகிரி குறையும். கொட்டையும் தீயும் மாறாமல் இருக்க, பழைய சென்சார் 218 காட்டிய கட்டத்தில் புதியது 221 காட்டும். பர்னர் வேகம் மாறினால் இந்த வித்தியாசமும் மாறும் என்பதால், ஒரே எண்ணைக் கூட்டியோ கழித்தோ இதைச் சரிக்கட்டிவிட முடியாது.

வாங்கப் போவதற்கு முன், கெட்டுப்போனது சென்சார்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் எப்போது தாவுகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். டிரம் மோட்டாரோ புளோயரோ ஓடும்போது மட்டும் தாவி, அவற்றை நிறுத்தியதும் அடங்கினால், சென்சார் ஒயர் மோட்டார் ஒயரோடு ஒரே குழாயில் போகிறதா என்று பாருங்கள். மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. பெட்டி இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அதற்கு மருந்து ஒயரைப் பிரித்துத் தனி வழியில் கொண்டுபோவது. புதுச் சென்சார் போட்டாலும் அந்தத் தாவல் நிற்காது. மோட்டார் ஓடினாலும் நின்றாலும், இயந்திரம் நன்றாகச் சூடேறிய பிறகே தாவத் தொடங்குமானால், சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும் இடம் எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் அது சென்சாரின் தலைப்பெட்டியில், அதாவது வெளிமுனையில் ஒயர் சேரும் சிறு பெட்டியில், இருக்கும் திருகுதான். குற்றால சாரல் காலத்தில், ஆனி, ஆடி மாதங்களில், தென்காசியிலிருந்து உங்கள் ஊர்வரை காற்றில் ஈரம் ஏறியிருக்கும்போது, மூடி சரியாக இல்லாத தலைப்பெட்டிக்குள் பச்சை பூத்துக் கிடக்கும் திருகுகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவற்றை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் ‘கெட்டுப்போன’ சென்சார் பிழைத்துக்கொண்டதும் உண்டு.

இன்னொன்று, நுனியில் படியும் பிசுக்கு. காபி எண்ணெயும், வறுக்கும்போது கொட்டையிலிருந்து உரியும் வெள்ளித்தோலின் தூளும் சேர்ந்து மாதக்கணக்கில் வெந்து, தார் பூசியது போல் கெட்டியாகிவிடும். குழாய்க்குச் சட்டை போட்டுவிட்டது போல இந்தப் படிவு சூட்டைத் தடுக்கும். இது தாவலை உண்டாக்காது, மீட்டரை மந்தமாக்கும். திரும்பும் புள்ளி வரவரத் தாமதமாக வருகிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். சுரண்டித் துடைத்தால் போதும்.

உங்கள் மீட்டரே ‘ஓப்பன்’ என்று காட்டுவதால், ஒயரையோ தலைப்பெட்டித் திருகையோ சரிபார்த்த பின்னும் அது நீடித்தால், சென்சாரின் உள்ளே கம்பி விட்டுவிட்டது என்று கொள்ளலாம். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, சென்சாரின் இரண்டு முனைகளையும் கன்ட்ரோலரிலிருந்து, அதாவது மீட்டரைக் காட்டிப் பர்னரை இயக்கும் பெட்டியிலிருந்து, கழற்றித் தொடுங்கள். தெர்மோகப்பிள், அதாவது இரண்டு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் இணைத்த சென்சார், நல்ல நிலையில் இருந்தால் சில ஓம்களே காட்டும். முடிவில்லாமல் காட்டினாலோ, ஒயரை ஆட்டும்போது வந்து வந்து போனாலோ, அது முடிந்துபோனது.

ஓம் அளவு 110-ஐ ஒட்டி வந்தால், உங்களிடம் இருப்பது தெர்மோகப்பிளே அல்ல, பிடி 100 வகைச் சென்சார் என்று பொருள். 0 டிகிரியில் சரியாக 100 ஓம் இருக்கும்படி செய்த பிளாட்டினம் கம்பி அது. 30 டிகிரியில் 111.7 ஓம், 200 டிகிரியில் 175.9 ஓம் காட்டும். பெரும்பாலும் மூன்று ஒயர் இருக்கும். இரண்டு ஒரே நிறம், ஒன்று வேறு நிறம். ஒரே நிறத்தவை இரண்டும் உள்ளே ஒரே முனையில் சேர்கின்றன, அவற்றுக்கிடையே ஓம் ஏறக்குறைய இருக்காது. ஒயரின் சொந்தத் தடையைக் கழிப்பதற்காக வைத்த மூன்றாவது ஒயர் அது. ‘இரண்டு போதுமே’ என்று அதை வெட்டிவிட்ட இடங்களும் உண்டு. ஒரு ஓம் கூடினால் 2.6 டிகிரி கூடும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில ஓம்களே காட்டும் தெர்மோகப்பிள் என்றால், அது கே வகையா, ஜே வகையா என்று அறிய வேண்டும். இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளைச் சேர்த்து ஒரு பக்கம் சூடாக்கினால் அங்கே மின்விசை பிறக்கிறது என்று 1821-இல் சீபெக் என்ற விஞ்ஞானி கண்டதே இன்றுவரை நம் இயந்திரங்களில் ஓடுகிறது. எந்த இரண்டு உலோகங்கள் என்பதில்தான் வகை மாறுகிறது. காந்தம் இங்கே கைகொடுக்கும். ஜே வகையில் ஒரு கம்பி இரும்பு, அது காந்தத்தில் பச்சென்று ஒட்டும், மற்றது ஒட்டவே ஒட்டாது. கே வகையில் எதிர்முனைக் கம்பியாகிய அலுமெல் லேசாக இழுபடும், நேர்முனையாகிய குரோமெல் இழுபடாது. சந்தேகம் தீரவில்லையென்றால், பிழைத்திருக்கும் சென்சாரின் நுனியைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்து மல்டிமீட்டரின் மில்லிவோல்ட் நிலையில் பாருங்கள். கடையில் 30 டிகிரி இருக்கும்போது கே வகை ஏறக்குறைய 2.9 மில்லிவோல்ட் தரும், ஜே வகை 3.7 தரும். உங்கள் பழையது விட்டுப்போயிருந்தால் இந்தச் சோதனைக்கு உதவாது. அப்போது கன்ட்ரோலரின் அமைப்புப் பட்டியலில் எந்த வகை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பொருத்தம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. கன்ட்ரோலர் ஜே வகைக்கு அமைக்கப்பட்டிருக்க, நீங்கள் கே வகை மாட்டிவிட்டால், நுனி 200 டிகிரியில் இருக்கும்போது மீட்டர் 158-ஐ ஒட்டிக் காட்டும். காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதோ இரண்டுமே 30 என்றே காட்டும், ஒரு வித்தியாசமும் தெரியாது. ‘மாட்டிப் பார்த்தேன், ரூம் டெம்பரேச்சர் சரியாகக் காட்டுது’ என்று சொல்லும் எலக்ட்ரீஷியன் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் பார்த்திருக்கிறார்.

வாங்கும்போது பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். அதே வகை, அதே பருமன், அதே நீளம் என்று கேட்டு வாங்குங்கள். ‘3 மி.மீ. நல்லாயிருக்கும்’ என்று யார் சொன்னாலும், மேலே சொன்ன காரணத்தால், ஓடிக்கொண்டிருக்கும் கடையில் இப்போது மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. புதிதாகத் தொடங்குபவர் 3 மி.மீ. போடட்டும், அவருக்கு இழக்க, பழைய எண்கள் எழுதிய நோட்டு இல்லை. குழாய் 316 துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். நுனியின் உள்ளே கம்பிகள் குழாயைத் தொடாதபடி தனித்திருக்கும் வகையைக் கேளுங்கள். கொஞ்சம் மந்தமானாலும் மோட்டாரின் இரைச்சல் மீட்டருக்குள் ஏறாது. மரையையும் பாருங்கள், அதில் பி.எஸ்.பி., என்.பி.டி. என்று இரண்டு தரம் உண்டு. கால் இஞ்சில் பி.எஸ்.பி. மரை இஞ்சுக்கு 19 சுற்று, என்.பி.டி. மரை 18 சுற்று. கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும், இரண்டு மூன்று சுற்று வரை இனிமையாக ஏறும், பிறகு பிடிக்கும். அங்கே ஸ்பானரில் பலம் காட்டினால் முன்தகட்டின் மரை போய்விடும், அதைச் சரிசெய்ய லேத் பட்டறைக்கு அலைய வேண்டும். கையால் கடைசிவரை ஏறாத மரை உங்களுடையதல்ல.

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பழைய சென்சார் இன்னும் நடுநடுவேயாவது வேலை செய்கிறது என்றால், ஒரே சாக்குக் கொட்டையில், ஒரே எடையில், மூன்று ஈடு வறுத்து, கொட்டும்போது இருந்த எண், திரும்பும் புள்ளி, பச்சை மாறி மஞ்சளாகும் நேரம், முதல் வெடிப்பு, இரண்டாம் வெடிப்பு, இறக்கிய எண் ஆகிய எல்லாவற்றையும் நிமிடத்தோடு எழுதி வையுங்கள். வெடிப்புகளே இங்கே நமக்கு நிலைத்த அளவுகோல். முதல் வெடிப்பு, வாணலியில் கடுகு பொரிவது போல விட்டுவிட்டுப் பெரிதாகக் கேட்கும்; பெரும்பாலான இயந்திரங்களில் மீட்டர் 196-ஐ ஒட்டி இருக்கும்போது வரும். இரண்டாவது, அடுப்பில் கல்லுப்பைப் போட்டாற்போல் நெருக்கமாகச் சடசடக்கும்; 224-ஐ ஒட்டி வரும். கொட்டைக்குச் சென்சாரைப் பற்றித் தெரியாது, அது வெடிக்க வேண்டிய சூட்டில் வெடிக்கும். இந்த மூன்று ஈட்டின் எழுத்து உங்களிடம் இருந்தால், புதுச் சென்சார் என்ன மொழி பேசினாலும் மொழிபெயர்த்துக்கொள்ளலாம்.

அதே நேரத்தில், குழாய் முன்தகட்டைத் தொடும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தலைப்பெட்டியைத் திறந்து, எந்த ஒயர் எந்தத் திருகில் என்பதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கேஸ் வால்வை மூடி, மெயினை இறக்கி, டிரம் நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். மாலையில் கடை சாத்திவிட்டு மறுநாள் காலையில் செய்வது உத்தமம்.

புதியதைச் செருகும்போது இரண்டு விஷயங்கள். ஒன்று ஆழம்: பழைய கோட்டின் அளவை ஸ்கேலால் எடுத்து, புதியதிலும் அதே இடத்தில் குறித்து, அந்தக் குறிவரை உள்ளே விடுங்கள். குழாயைப் பிடிக்கும் பிட்டிங்கின் உள்ளே இருக்கும் சின்ன எஃகு வளையம் ஒருமுறை இறுக்கியதும் குழாயைக் கடித்துக்கொள்ளும், பிறகு நகராது. அதனால் முதலில் கைப்பிடியாக மட்டும் இறுக்கி, டிரம்மைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், உள்ளே இருக்கும் துடுப்புகள் நுனியை உரசக் கூடாது. உரசவில்லை என்று உறுதியான பிறகே ஸ்பானர். இரண்டாவது, இடம். பழைய ஓட்டையிலேயே போடுகிறீர்கள் என்றால் இதைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் சிலர் இந்தச் சமயத்தில் ‘மேலே ஒரு ஓட்டை போட்டால் வசதி’ என்று கிளம்புவார்கள். முன்னால் நின்று பார்க்கும்போது டிரம் கடிகாரச் சுற்றில் சுழன்றால், கொட்டை கீழே இடப்பக்கமாக, ஏழு எட்டு மணி இருக்கும் இடத்தில் குவியும். நுனி அந்தக் குவியலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். குவியலுக்கு மேலே இருந்தால் அது காட்டுவது சூடான காற்றை. ஐந்து கிலோ டிரம்மில் ஒரு கிலோ மட்டும் போட்டு வறுக்கும்போது எண்கள் ஏறுக்குமாறாக வருவதும் இதனால்தான்.

அடுத்து ஒயர். நண்பருக்கு நேர்ந்தது இங்கே நேர்ந்திருக்கும் என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் பாளையங்கோட்டையில் ஒரு கடையில் இதையே கண்ணால் பார்த்தேன். அங்கே சென்சார் மாற்றிய பிறகு காலை முதல் ஈடு நன்றாக வரும், மூன்றாம் ஈடு கொஞ்சம் கறுக்கும், ஐந்தாம் ஈட்டில் கொட்டை எண்ணெய் கக்கி மினுமினுக்கும். வழக்கமாக வறுப்பவர் ஊருக்குப் போயிருந்தார். புதுப் பையன் எழுதிக் கொடுத்த 218-ஐ மட்டும் நம்பி இறக்கிக்கொண்டிருந்தான். சென்சாரின் தலைப்பெட்டியிலிருந்து சுவரில் இருக்கும் கன்ட்ரோலர்வரை இரண்டு மீட்டர் தூரம். பழைய ஒயர் எலி கடித்து இற்றுப்போயிருந்ததால், வீட்டு வயரிங்குக்குப் போடும் சாதாரணச் செம்பு ஒயரை இழுத்திருந்தார்கள். மாற்றியவரிடம் கேட்டபோது, “ஒயர்னா ஒயர்தான அண்ணாச்சி, இதுல என்ன புதுசா சொல்லுதிய?” என்றார்.

தெர்மோகப்பிளுக்கு அது அப்படி இல்லை. சென்சாரின் கம்பி எந்த உலோகமோ அதே குணமுள்ள ஒயர்தான் கன்ட்ரோலர்வரை போக வேண்டும். அதைக் காம்பென்சேட்டிங் கேபிள் என்று கேட்டால் தருவார்கள், கே வகைக்கு என்று சொல்லிக் கேட்க வேண்டும். செம்பு ஒயர் போட்டுவிட்டால், தலைப்பெட்டிக்கும் கன்ட்ரோலருக்கும் இடையில் சூட்டில் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவையும் மீட்டர் குறைத்துக் காட்டும். அந்தக் கடையில் தனித் தெர்மாமீட்டர் வைத்து அளந்தேன். காலையில் தலைப்பெட்டி 36, சுவர்ப்பெட்டியும் 36. பிழை இல்லை, முதல் ஈடு நன்றாக வந்தது. ஐந்தாம் ஈட்டில் இயந்திரத்தின் முன்தகடு கொதித்துத் தலைப்பெட்டி 52-க்கு ஏறியிருந்தது, சுவர்ப்பெட்டி 36-லேயே இருந்தது. வித்தியாசம் 16. மீட்டர் 218 காட்டியபோது நுனி 234-இல் இருந்தது. சரியான கேபிள் போட்ட அன்றே ஐந்தாம் ஈடும் முதல் ஈட்டின் நிறத்துக்கு வந்துவிட்டது. இந்தப் பிழை குளிர்ந்த இயந்திரத்தில் எந்தச் சோதனையிலும் பிடிபடாது என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். பிடி 100 சென்சாருக்கு இந்தத் தொல்லை இல்லை, அதற்குச் செம்பு ஒயர் போதும்.

சரியான கேபிளை வாங்கியும் அதை இரு முனையிலும் தலைகீழாக மாட்டினால் நிலைமை இன்னும் மோசம். ஒரு முனையில் மட்டும் மாறினால் சூடு ஏற ஏற மீட்டர் இறங்கும், உடனே தெரிந்துவிடும். இரண்டு முனையிலும் மாறினால் மீட்டர் ஒழுங்காகவே ஏறும், ஆனால் அந்த 16 டிகிரிப் பிழை இரட்டிப்பாகி 32 ஆகும். நிறங்கள்தான் இதற்குக் காரணம். அமெரிக்க முறையில் கே வகைக்கு மஞ்சள் நேர்முனை, சிவப்பு எதிர்முனை. சிவப்பு என்றாலே பிளஸ் என்று கை பழகிய எலக்ட்ரீஷியன் தவறாமல் மாற்றி மாட்டுவார். சர்வதேச முறையில் பச்சை நேர், வெள்ளை எதிர். கேபிளின் கம்பிகளும் குரோமெல், அலுமெல்லாகவே இருந்தால், நிறத்தை நம்பாமல் காந்தத்தை நம்புங்கள், லேசாக ஒட்டுவது எதிர்முனை; வேறு உலோகக் கம்பியுள்ள கேபிளில் இந்தச் சோதனை செல்லாது.

ஒயர் தகட்டு ஓட்டைக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையமோ கண்ணாடி இழைச் சட்டையோ போடாமல் விடாதீர்கள். கம்பி அறுந்தால் பயமில்லை, உங்கள் கன்ட்ரோலர் ‘ஓப்பன்’ காட்டிப் பர்னரை அணைத்துவிடுகிறது. ஆனால் தகட்டு விளிம்பில் நசுங்கி இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், தொட்ட இடமே புதுச் சென்சார் நுனியாகிவிடும். மீட்டர் அந்த இடத்தின் சூட்டை, 45 என்றோ 50 என்றோ, ஆடாமல் அசையாமல் காட்டிக்கொண்டிருக்கும். சூடு போதவில்லை என்று நினைத்துக் கன்ட்ரோலர் பர்னரை எரியவிட்டுக்கொண்டே இருக்கும். வெள்ளித்தோலைப் பிரித்துச் சேர்க்கும் சைக்ளோன் தொட்டியில் தீப்பிடிக்க இது போதும். புகைக்குழாயில் தனிச் சென்சாரோடு, குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் கேஸை அடைக்கும் இரண்டாவது காவல் உங்கள் இயந்திரத்தில் இல்லையென்றால், இந்தச் செலவோடு அதையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும் பூட்டுவதற்கு முன், கேபிளைக் கன்ட்ரோலரில் மாட்டிவிட்டு, நுனியை மட்டும் கொதிக்கும் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். தலைப்பெட்டி நனையக் கூடாது, பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. தாமிரபரணிக் கரை ஊர்கள் எல்லாம் தாழ்வான இடங்கள், தண்ணீர் 100-ஐ ஒட்டியே கொதிக்கும். மாஞ்சோலைப் பக்கம் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறினால் 97-க்கும் கீழே கொதிக்கும், அங்கே 96 காட்டினால் சென்சாரைக் குறை சொல்லக் கூடாது. சாதாரணத் தரத்துக் கே வகைக்கு இரண்டரை டிகிரிவரை வித்தியாசம் தரத்துக்குள்தான், எனவே 98 முதல் 102 வரை வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஐஸ் தண்ணீரிலும் பார்க்கலாம், ஆனால் மீன் பெட்டி ஐஸ் வேண்டாம், உப்புப் பட்ட ஐஸ் 0-க்குக் கீழே போய்விடும். ஜூஸ் கடை ஐஸை உடைத்து, நல்ல தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பாருங்கள். இதையெல்லாம்விட எளிய சோதனை ஒன்று: உங்கள் இயந்திரத்தில் கொட்டைக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று என இரண்டு சென்சார் இருந்தால், காலையில் பற்றவைப்பதற்கு முன் இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். கொதிக்கும் எண்ணெயில் 200 டிகிரிக்குச் சோதிக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், கை வெந்துபோகும். அந்த அளவுக்குத் துல்லியம் தேவையென்றால் ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரமுள்ள ஆய்வகத்தில் கொடுத்து வாங்குங்கள்.

முதல் நாள் விலை மலிந்த ரோபஸ்டாவில் இரண்டு ஈடு போட்டுப் பழகிக்கொண்டு, பிறகு முன்பு எழுதி வைத்த அதே சாக்கில் மூன்று ஈடு போடுங்கள். எண்ணைப் பார்க்காமல் காதையும் மூக்கையும் வைத்து இறக்கி, எண்ணைப் பக்கத்தில் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சென்சாரில் முதல் வெடிப்பு 196-இல் வந்தது, புதியதில் 199-இல் வருகிறது, இரண்டாவதும் மூன்று கூடியே வருகிறது என்றால், உங்கள் 218 இனி 221. இதைக் கன்ட்ரோலரில் ஆஃப்செட் என்ற இடத்தில் மைனஸ் 3 என்று போட்டு மறைத்துவிடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் நோட்டைத் திருத்துவதையே விரும்புவேன். ஆஃப்செட்டைப் போட்டவர் ஒருவர், அடுத்த சென்சார் மாற்றுபவர் வேறொருவர். இரண்டு வருடம் கழித்து அந்த மைனஸ் 3 எதற்கென்று யாருக்கும் நினைவிருக்காது, புதுச் சென்சாரின் மேலும் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். போட்டே ஆக வேண்டுமென்றால், தேதியோடு எழுதிக் கன்ட்ரோலர் பெட்டியின் உள்மூடியில் ஒட்டிவிடுங்கள். முதல் வெடிப்பில் 3 டிகிரியும் இரண்டாம் வெடிப்பில் 9 டிகிரியும் வித்தியாசம் வந்தால், அது ஆஃப்செட்டில் தீரும் சங்கதி அல்ல; ஆழமோ, ஒயரோ, வகை அமைப்போ தவறியிருக்கிறது, திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

வாங்கும்போதே ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, இரண்டையும் அன்றே கொதிநீரில் சோதித்து, ஒன்றைக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் பார்த்துச் சென்சார் போனால் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு ஓட நேரம் இருக்காது. கழற்றிய பழையதை எறிந்துவிடாதீர்கள். நீங்கள் போட்ட மார்க்கர் கோடு அழியாமல், கழற்றிய தேதியும் முதல் வெடிப்பின் எண்ணும் எழுதிய அட்டை ஒன்றைக் கட்டி, புதியதோடு அதே டப்பாவில் போட்டு வையுங்கள்.